எங்கள் வாசலைத் தாண்டிப் போன கேரல்

மழையில் ஊறிய ட்ரம்மின் சத்தம், யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல 'தொப் தொப்' என்று வரும். டிசம்பர் மாதச் சாயங்காலங்களில் அந்தச் சத்தம் நாலு தெரு தள்ளிக் கேட்டாலே போதும், எனக்கு இருப்புக்கொள்ளாது. வாசலுக்கு ஓடுவேன், அங்கிருந்து அடுப்படிக்கு ஓடுவேன், கிறிஸ்துமஸ் பலகாரமான 'கல்கல்' பொரித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் பக்கத்தில் நின்று, "வந்துட்டாங்கம்மா" என்பேன். "வரட்டும். நீ ஏன் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு அலையிற?" என்பாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

வந்தார்கள்தான், ஆனால் எங்கள் வீட்டுக்கு இல்லை. குழந்தை இயேசு சுரூபத்தைக் கையில் ஏந்தி மாதா கோவிலிலிருந்து கிளம்பும் 'கேரல்காரர்கள்', ஸ்டார் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து பாடுவார்கள். பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா இடுப்பை ஆட்டிக் குழந்தைகளைச் சிரிக்கவைப்பார். எங்கள் வீட்டிலும் ஸ்டார் தொங்கியது. ஆனாலும் எங்கள் வாசல் வந்ததும் ட்ரம் நின்றுபோகும், தாண்டிய பிறகு மறுபடி கேட்கும். ட்ரம் அடித்தவர் வேறு யாருமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், அந்தோணி மாமா.

அப்பா அம்பகரத்தூர்க்காரர், விவசாயக் குடும்பம், இந்து. அம்மா காரைக்கால் டவுனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். இரண்டு வீட்டிலும் சம்மதிக்காததால், கோவிலும் வேண்டாம் பந்தலும் வேண்டாம் என்று 'மேரி'யில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான் மாமா.

அப்பா சாமியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் 'குடில்' கட்டுவது அவர்தான். தாம்பாளத்தில் சேறு குழைத்து நெல் விதைத்து, பெத்லகேமைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று வயல் எழுப்பிவிடுவார். வயலில் ஆட்டை இறக்கினால் பிடித்துப் பட்டியில் அடைத்துவிடுவார்கள் என்று சொல்லி, இடையர்களின் ஆடுகளை வரப்பில் மட்டும் நிறுத்துவார். இவ்வளவு அழகான குடிலை வந்து பார்க்க ஆளில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மாமாவைக் கண்டாலே பிடிக்காது.

பக்கத்து வீட்டு ஜுலைகாவை நாங்கள் அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடுவோம். மாமாவின் சைக்கிள் கடை வழியாகப் போய்வரும் லாத்தாதான் சேதி கொண்டுவரும். "ஒங்க அண்ணன் என்னம்மா சொல்றாரு தெரியுமா? தங்கச்சி வாயத் தொறந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும், போறேங்குறாரு" என்று லாத்தா சொன்னால், அம்மா சட்டென்று, "கூப்பிட்டு வர்றதுக்கு அவன் என்ன விருந்தாளியா லாத்தா? வரணும்னா வரட்டும்" என்பாள். சொல்லிவிட்டு, நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாற்பது பேருக்கான கல்கல் பொரிப்பாள். தெரு அடங்கியதும் அத்தனையையும் டப்பாவில் கொட்டி மூடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம், கேரல் வந்த அன்றைக்கும் மழை தூறிக்கொண்டிருந்தது. சத்தம் நெருங்க நெருங்க நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தேன். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பா, அவனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றார். ஆபீசிலும் வீட்டிலும் குரலை உயர்த்தியே பேசாத மனிதர் அவர்.

"மச்சான், வீட்டுக்கு வாங்க" என்றார்.

மாமா ட்ரம்மைப் பார்த்துக்கொண்டே, "அவ கூப்பிட்டாளா?" என்றார்.

"நான் கூப்பிடுறேன். என் வீட்டுக்கு நான் கூப்பிடக்கூடாதா?"

கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மழையில நிக்கவச்சுப் பஞ்சாயத்துப் பண்ணாதீங்கப்பா. தாடி ஊறுது, உள்ள போங்க" என்றார். அத்தனை பேரும் சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்தார்கள். மாமா கடைசியாக வந்தார். யார் முகத்தையும் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு குடிலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "என்ன மாப்ள, பெத்லகேம்ல சம்பா போட்டிருக்கீங்க?" என்றார். அம்மா கல்கல் தட்டோடு வந்து அவர் முன்னால் நின்று அழுதாள். மாமா இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார். அண்ணனும் தங்கையும் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கேரல் எங்கள் வீட்டுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா குடும்பத்தோடு வந்தார். சண்டை தீர்ந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இப்போது கேரல் வேனில் வருகிறது. எத்தனை மணிக்கு வரும் என்று போனில் முன்பே சேதி வந்துவிடுவதால், என் பிள்ளைகள் அதுவரை டிவி பார்க்கிறார்கள். பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது. முட்டி வலியால் மாமா ட்ரம்மைத் தூக்கிப் பல வருஷமாகிறது. லாத்தா மகனோடு துபாய் போய்விட்டது. அப்பா இந்த வருஷம் ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சமையல் முடிந்து, மணி இரண்டாகியும் மாமா வரவில்லை. "வந்தா வரட்டும்" என்று அம்மா பழைய பாட்டையே பாடினாள். நான்தான் பொறுக்கமாட்டாமல் மாமா மகள் ஜெனிக்குப் போன் போட்டேன். "அத்தை இந்தத் தடவ கூப்பிடலன்னு எங்கப்பா சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. வருஷா வருஷம் ஒங்கப்பா கடைக்கு வந்து, 'ஒங்க தங்கச்சி கூப்பிடச் சொன்னா'ன்னு சொல்லுவாங்களே" என்றாள் அவள். எங்கள் வீட்டிலோ அப்பா ஒவ்வொரு வருஷமும், "மச்சான் தானாவே வர்றேன்னுட்டாரு" என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டு பேரையும் கடைசிவரை அந்தப் பொய்யிலேயே ஓட்டியிருக்கிறார் மனிதர்.

அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியை என்னிடம் நீட்டினாள். பிறகு போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, கூப்பிடுற ஆளு போயிட்டாரு. இனிமே நான்தான் கூப்பிடணும். வா."

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல், இலை போடச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினாள்.