ஊதா மூடிக் குழாய்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது உம்மே ஹானியின் வேலை. திருவல்லிக்கேணியில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு லேப் படிப்புக்குப் போனாள். பாடமெல்லாம் இங்கிலீஷ். எதையாவது கேட்டால், "அர்த்தமெல்லாம் அப்புறம், பேரை மனப்பாடம் பண்ணும்மா" என்பார்கள். குழாய்களை மூடியின் நிறம் பார்த்தே பழகித் தேறிவிட்டாள். வலி தெரியாமல் குத்தும் கை. மயிலாப்பூரில் பலர் அவளைத்தான் அனுப்பச் சொல்வார்கள்.

அன்று காலை கோமளம் மாமிக்கு நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை.

"போறும்டீ. இன்னொரு தரம் குத்தினே, அழுதுடுவேன்."

"அவ்ளோதான் மாமி, முடிஞ்சிருச்சு."

முடியவில்லை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் அளவுக்கோட்டைத் தாண்டியிருந்தது. மஞ்சள் மூடியில் அடியில் கொஞ்சம்தான். மாடிப்படியில் நின்று, இரண்டு டம்ளர் டீயைச் சரிபண்ணுவது போல ஊதாவிலிருந்து மஞ்சளில் ஊற்றினாள். ஒரே ஆளின் ரத்தம்தானே.

மதியம் லேபுக்குத் திரும்பியபோது பொறுப்பாளர் பரத்வாஜின் முகம் சரியில்லை.

"கோமளம் மாமிக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இதயம் எப்ப வேணா நின்னுடும். ரிப்போர்ட் பார்த்ததும் ஆஸ்பத்திரில சேத்துட்டாளாம்."

"காலைல நல்லா வாயாடிக்கினு இருந்தாங்களே சார்."

"சத்தமில்லாமத்தான் வரும்."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். பொட்டாசியத்தின் பக்கத்தில் 'கே' என்ற இங்கிலீஷ் எழுத்து. ஊதா மூடிக் குழாயின் சீட்டிலும் அதே எழுத்து உண்டு. கம்பெனிக் குறி என்று நினைத்திருந்தாள்.

"பொட்டாசியத்துக்கு 'பி' தானே சார் வரணும்?"

"ஏதோ லத்தீன் பேரு. இப்ப அதுவா முக்கியம்?"

"ஊதா குழாய்ல இன்னா போட்டிருக்காங்க?"

"ரத்தம் உறையாம இருக்க மருந்து. பொட்டாசியம் கலந்த..." பரத்வாஜ் நிறுத்தினார். "என்ன பண்ணினே?"

சொன்னாள். வேலை போய்விடும் என்பது சொல்லும்போதே தெரிந்தது. அதை நினைக்க நேரமில்லை. ஏறாத பொட்டாசியத்தை மருந்து கொடுத்து இறக்கினால், மாமியின் இதயம் அதற்கே நின்றுபோகலாம்.

பரத்வாஜ் மாமியின் டாக்டருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. அவள் மாமியின் மகன் அம்பிக்கு அடித்தாள்.

"அம்மாக்கு ஊசி போட்டாச்சு, டிரிப் ஏறிண்டிருக்கு. நல்லவேளை, ரிப்போர்ட்டை உடனே அனுப்பினேள்."

"அண்ணே, அந்த ரிப்போர்ட் தப்பு. டிரிப்ப நிறுத்தச் சொல்லுங்க. நர்ஸ்கிட்ட போனைக் குடுங்க."

"என்னது? இரும்மா, அம்மாக்கு ரொம்ப வேர்க்கறது, கூப்பிட்டாலும்..."

போனை எதன்மேலோ வைக்கும் சத்தம். பிறகு, "அம்மா, அம்மா" என்று அம்பியின் குரல். உம்மே ஹானி இங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தாள்.