ஏலத்தில் எடுத்த கைத்துப்பாக்கி

பழைய துப்பாக்கியை ஏலத்தில் வாங்குவது பிரயோசனமான வேலைதானா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

ஏலத்துக்காக லியோனிலிருந்து பாரிஸ் வந்த நாங்கள் லா சப்பலில் ஒரு தமிழ் நகைக்கடையில் நிற்கிறோம். காலையில் கணவர் ஏலத்தில் எடுத்த பழைய கைத்துப்பாக்கி மேசையில் கிடக்கிறது. அதன் பிடியில் இருப்பது வெள்ளியா என்று அவருக்கு அறிய வேண்டும். எனக்கோ வேறு பயம். இடுப்பில் இருக்கும் மூன்று வயது மகள் அதை நோக்கிக் கை நீட்டிக்கொண்டே இருக்கிறாள்.

கடைக்கார அண்ணை பிடியை உரைகல்லில் தேய்க்கிறார். “வெள்ளி இல்லைத் தங்கச்சி. பித்தளைக்கு முலாம்.”

“சுடுமோ அண்ணை?”

அவர் மெல்லிய கம்பியொன்றைக் குழலுக்குள் விடுகிறார். நக அளவுகூடப் போகவில்லை. “உள்ளுக்கை துளையே இல்லை. சுவரிலை கொழுவச் செய்தது. தேங்காய் உடைக்கலாம், சுடேலாது. தம்பி, நீர் கையிலை எடுத்துப் பார்க்கேல்லையோ?”

“கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவை, அண்ணை.” கணவரின் முகம் தொங்கிப்போகிறது.

நான் மகளைக் கதிரையில் இறக்கிவிடுகிறேன். அவள் துப்பாக்கியைத் தொடுகிறாள். நான் தடுக்கவில்லை.

கணவருக்கு அடுத்த மாத ஏலத்துக்கும் போக வேண்டுமாம். அப்போது உண்மையானதே கிடைத்துவிட்டால்? ஏலத்தில் வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது வேண்டுமா? இவரை நான் மறிக்கட்டுமா?