அமெரிக்க அண்ணையின் தம்பி

அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் அங்கே ஒரு மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானதிலிருந்து லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. பெற்றோல் நிலைய ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா போனில் அண்ணையின் சபைப் பேச்சைப் போட்டுவிடுவார். அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. பள்ளிக்கூட பஸ் பற்றி அண்ணை ஒரு மசோதா கொண்டுவந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். நன்றாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கட்சியில் சேர்ந்து மழையிலும் குளிரிலும் வாக்குக் கேட்டுக் கதவு கதவாகத் தட்டினவன். அண்ணையோ வக்கீலாகி, கல்விச் சபைக்கு நின்று வென்று, சட்டசபைக்கு நின்று ஒருமுறை தோற்று, மறுமுறை உள்ளே போய்விட்டார். அவர் தோற்ற செய்தி வந்த அன்று எனக்கு நல்ல பசி. மறுசோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இந்த வருடம் எங்கள் வட்டாரத்துக் கவுன்சில் வேட்பாளராக நிற்க நானும் கேட்டிருந்தேன். கட்சி உறுப்பினர்கள் கூடி, பேச்சைக் கேட்டு, வாக்களித்து ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். அப்பாவையும் வரச்சொன்னேன். ஷிப்ட் மாற்றி, கோட் போட்டு வந்தார்.

நான் உள்ளே பேச்சைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவர் வாசலில் நின்று வருகிற தமிழ் ஆட்களுக்கெல்லாம் போனைக் காட்டினார்.

"இது என்ரை அண்ணேன்ரை மகன். அமெரிக்காவிலை சட்டசபை. உள்ளை நிக்கிறது இவரின்ரை தம்பி."

"அப்ப உள்ளை நிக்கிறவர் உங்களுக்கு என்ன முறை?" என்று ஒருவர் கேட்டார்.

"அவனோ? அவன் என்ரை மகன்தான்."

நான் வென்றேன். கைகொடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் அண்ணையைத்தான் விசாரித்தார்கள். என் பேச்சுக்கு விழுந்த வாக்கு எது, அவர் முகத்துக்கு விழுந்தது எது என்று ஆரிடம் போய்க் கேட்பது?

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா அண்ணையை வீடியோவில் பிடித்து என்னிடம் தந்தார். அண்ணைக்கு உண்மையாகவே சந்தோசம். கண்ணெல்லாம் சிரித்தது.

"தம்பி, நானும் இப்பிடிச் சின்னதாத்தான் தொடங்கினனான்."

நன்றி அண்ணை, இங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை அப்பாவிடம் கொடுத்தேன். எங்கள் தரிப்பிடம் வரும்வரை அவர் அண்ணையோடு தெளிவாகக் கதைத்துக்கொண்டு வந்தார்.