பட்டினி ஒமுர்சாக்கும் சம்பந்தி வீட்டு ரொட்டியும்

எங்கள் தலாஸ் பள்ளத்தாக்குப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் ரொட்டியில் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் வாசலைத் தாண்ட முடியாது. வழி கேட்க வந்தவனும் தின்ன வேண்டும், சண்டை போட வந்தவனும் தின்ன வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு ஒமுர்சாக் போயும் போயும் ரசாயனம் போடாமல் விளைவித்த இயற்கை உணவுக்குச் சான்று முத்திரை கொடுக்கும் ஆய்வாளராகப் போனார். ஆய்வுக்குப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அரசாங்க விதி. ரொட்டி லஞ்சமாம்! எழுதியவன் எங்கே தின்று வளர்ந்தானோ.

பாவம் மனுஷன், என்னென்னவோ செய்து பார்த்தார். பல்வலி என்று தாடையைக் கட்டிக்கொண்டு போனார். பாலில் ஊறப்போட்டுக் கொடுத்தார்கள். நோன்பு என்றார், பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். ஒருமுறை கொட்டகை ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்து இடுப்பு மாட்டிக்கொண்டது. வெளியே இழுத்துவிட்டவளின் இன்னொரு கையில் ரொட்டி! கடைசியில் சொந்த ரொட்டியைப் பையில் கொண்டுபோய் அவரவர் வாசலில் நின்று தின்னத் தொடங்கினார். 'பட்டினி ஒமுர்சாக்' என்று பேர் வைத்தார்கள்.

இப்போது அவர் மகள் சயிராவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தாள் புருல். பீன்ஸ் பயறு விளைவிப்பவள், நாக்கு நீளம். பெண்ணின் காதில் மாமியார் தோடு போட்டால் நிச்சயம் ஆனதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை தோடு. செவ்வாயன்று ஒமுர்சாக்குக்கு உத்தரவு வந்தது: புருலின் பண்ணையை ஆய்வு செய்க.

அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். "சம்பந்தி வீடுங்க, வேற ஆளை அனுப்புங்க!"

"தோடு போட்டாச்சா?" என்றார் மேலாளர்.

"வெள்ளிக்கிழமை."

"அப்ப இன்னும் சொந்தமில்லையே. போயிட்டு வாங்க. உங்களை ஆய்வு பண்ண தலைநகர்லேருந்து தாலாய்னு ஒருத்தர் கூடவே வர்றாரு."

வீட்டில் மனைவி ஒரே வரியில் முடித்தாள். "அந்த ரொட்டியத் தொடாம வந்தீங்கன்னா இந்த வீட்லயும் உங்களுக்கு ரொட்டி கிடையாது." சயிரா மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் தாலாயோடு போய்ப் பார்த்தபோது புருலின் வயல் சுத்தமாகத்தான் இருந்தது. கொட்டகையில் மூட்டைகளுக்குப் பின்னால் பாதி காலியான களைக்கொல்லி பாட்டில்.

"அது பக்கத்துக் காட்டுக்காரனோடது, சம்பந்தி" என்றாள் புருல். தாலாயின் பேனா நிமிர்ந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான் சம்பந்தி" என்றார் ஒமுர்சாக் அவசரமாக.

கிளம்பும்போது புருல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், கையில் சுடச்சுட ரொட்டி. "தொடாமப் போனீங்கன்னா தோடு வராது, சொல்லிட்டேன்."

"தொட்டா வேலை போயிடும்ணே" என்றான் தாலாய்.

ஒமுர்சாக் இருவரையும் பார்த்தார். பிறகு ஒரு விள்ளலைப் பிய்த்தார். "சந்தேகம் வந்த எந்த உணவுலயும் மாதிரி எடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு" என்று வாயில் போட்டார்.

"மாதிரியப் பையில போட்டு சீல் வைக்கணுமே?" என்றான் தாலாய்.

விழுங்கிவிட்டு உதட்டை இறுக்க மூடிக் காட்டினார். "வெச்சாச்சு. ரெண்டாவது மாதிரி மேற்பார்வையாளர்கிட்ட இருக்கணும். இந்தாங்க."

காலையிலிருந்து பட்டினி கிடந்த தாலாய் முன்னும் பின்னும் பார்த்தான். வாங்கி விழுங்கினான். "வெண்ணெய் இருந்தா அதுலயும் மாதிரி எடுக்கலாம்ல?" என்றான் மெதுவாக.

புருல் சிரித்தே விட்டாள். "அப்ப நம்ம சான்று?"

"கிடையாதும்மா. பாட்டில் இருந்துச்சே" என்றார் ஒமுர்சாக். அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றது. ரொட்டியை மூடி உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த நாள் முழுக்க வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியம்வரை சயிரா ஜன்னலை விட்டு நகரவில்லை. புருல் வரமாட்டாள், என் மகள் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று ஒமுர்சாக் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

வாசலில் வண்டிச் சத்தம். உற்றார் உறவினர் புடைசூழ உள்ளே வந்த புருல், யார் முகத்தையும் பார்க்காமல் சயிராவின் காதில் தோட்டை மாட்டினாள்.

"என் ரொட்டியத் தின்னுட்டும் எனக்குச் சான்று குடுக்காம போனாரு பாரு உங்கப்பா" என்றாள். "ரெண்டு நாளா அந்தாளைத் திட்டித் தீத்துட்டேன். சொந்தத்துக்கும் வளையாத அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுப் பொண்ணை விட்டா எனக்கு வேற எங்க கிடைக்கும்?"

ஒமுர்சாக் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு விருந்தில் உட்கார்ந்தார். அன்று அவர் தின்ற தீனியைப் பார்த்து அவர் மனைவியே வாயடைத்துப் போனாள்.