எறும்பும் கருப்பையாவும் என் வயித்தெரிச்சலும்

மூட்டை தூக்குனா முதுகு வலிக்கும்னு தெரிஞ்சுதான் இந்தத் தொழிலுக்கு வந்தோம். பக்கத்துச் செட்டைப் பாத்து வயிறும் எரியும்னு எவனாச்சும் சொன்னானா? உங்கள்லயும் எரிஞ்சவுக இருப்பீக, கேளுங்க. அறுபதுகளோட கடைசி. பந்தல்குடியில மிளகாய் வத்தல் கமிஷன் கடை வச்சிருந்த ராவுத்தருக்கு லாரியில லோடு ஏத்த ரெண்டு செட்டு ஆளுக. ஒண்ணு எஞ்செட்டு. இன்னொண்ணு அந்தக் கருப்பையா செட்டு.

ரெண்டு பலகை

லாரிக்கு ஏற ஒத்தப் பலகை போடுறதுதான் வழக்கம். ஏறுறவனும் இறங்குறவனும் முட்டிக்குவான், நான் கத்துவேன், அப்படியே வேலை நடக்கும். கருப்பையா ஒருநா கருவேல மரத்தடியில குத்தவச்சு எறும்பு போக ஒரு வரிசை, வர ஒரு வரிசைன்னு ஊர்றதையே பாத்துக்கிட்டு இருந்தான். கிறுக்குப் புடிச்சிருச்சு, செட்டு நம்ம கைக்கு வந்துரும்னு எனக்கு ஒரே சந்தோசம்.

மறுநா ரெண்டு பலகை போட்டான். சுமையோட ஏற ஒண்ணு, வெறுங்கையா இறங்க ஒண்ணு. நான் பாதி லாரி ஏத்தல, அவன் ஆளுக டீ குடிக்கிறாங்க! ராவுத்தர் என்னையப் பாத்துச் சொன்னாக: "ஏப்பா முனியாண்டி, ஒஞ்செட்டுல மூட்டையவிட சத்தம்ல்ல கனமா இருக்கு."

குருவிக்கூடு

தார்ப்பாய் கட்டுறதும் எங்க வேலைதான். பனைமரத்துல தொங்குன தூக்கணாங்குருவிக் கூட்டை அண்ணாந்து பாத்தானாம் கருப்பையா. வாசல் கீழ பாத்து இருக்கவும், தார்ப்பாய் மடிப்பு எல்லாத்தையும் கீழ்ப்பக்கமாத் திருப்பிக் கட்டிட்டான். அன்னிக்குன்னு பாத்து தூத்துக்குடி ரோட்டுல கோடை மழை. மழை பொதுவாத்தான் பெஞ்சுச்சு, நனைஞ்சது என் லோடு மட்டும்.

"கருப்பையாண்ணன்கிட்டக் கேட்டுக் கட்டியிருக்கலாம்ல"ன்னு என் பொண்டாட்டியே சொன்னா. லாரி டிரைவர் திரும்பி வந்து சொன்னதுதான் அதைவிட மோசம்: "அண்ணே, அவரு வத்தலு தூங்கிக்கிட்டே வந்துச்சு, ஒங்க வத்தலு குளிச்சுட்டு வந்துச்சு."

பந்தயம்

கடைசியில ராவுத்தர், ரெண்டு செட்டு கட்டுபடியாகாது, நாளைக்கு ஆளுக்கொரு லாரி ஏத்துங்க, முந்துறவுகளுக்குத்தான் சீசன் பூரா வேலைன்னுட்டாக. எஞ்செட்டு அடுப்பெல்லாம் அந்தச் சீசனை நம்பித்தான் இருந்துச்சு.

நானும் ரெண்டு பலகை போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, மொதல்ல நாங்கதான் முந்துனோம். கண்ணு மட்டும் அவன் லாரி மேலயே. திடீர்னு கருப்பையா ஒரு பலகையை உருவுனான். ஆகா, எறும்பு புதுசா என்னமோ சொல்லிக் குடுத்திருக்குன்னு நானும் ஒண்ணை உருவிட்டேன்! அவன் உருவுனது விரிசல் விட்ட பலகை. வேற பலகை மாத்திட்டு ஏத்திக்கிட்டே இருந்தான். இங்க ஏறுறவனும் இறங்குறவனும் ஒத்தப் பலகையில முட்டி, மூட்டை பொத்துன்னு விழுந்து, வத்தல் செதறி, கடைத்தெருவே தும்முது. ராவுத்தரும் தும்மிக்கிட்டே சொன்னாக: "அவன் எறும்பைப் பாத்தான்ப்பா. நீ அவனையில்ல பாத்துக்கிட்டு இருந்த."

அந்தச் சீசன் பூரா வீட்டு வாசல்ல உக்காந்து நானும் எறும்பைத்தான் பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், அதுகளும் கருப்பையா வீட்டுப் பக்கமாத்தான் போச்சு.