சிவப்புப் பொட்டு வைத்த பத்து காசு

1996ஆம் ஆண்டு நவம்பர் 16, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மலேசியாவின் கிள்ளானில் தூறல், இடி இல்லை. இடி இல்லை என்பதை வாசலுக்குப் போய் இரண்டு முறை பார்த்த பிறகே மோடத்தைப் போட்டேன், ஏனென்றால் இடி விழுந்தால் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைச் சுட்டுவிடும் என்று அதை விற்ற கடைக்காரர் பயமுறுத்தியிருந்தார். முதலில் எண்கள் ஒலிக்கும், பிறகு சீழ்க்கை, பிறகு தகரக் கூரையில் மணலை அள்ளிக் கொட்டுவதுபோல் ஓர் இரைச்சல், அதன்பின் அமைதி. என் மகள் சுதா அந்தச் சத்தத்துக்குப் 'பூனைச் சண்டை' என்று பெயர் வைத்திருந்தாள்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, அவளுக்கு ஒன்பது. ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மனைவி மருத்துவமனைத் தாதி என்பதால் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் மாலை 'ஷிப்ட்' போய்விடுவாள். வீட்டில் நானும் மகளும் புதிதாக வந்த இணையமும்தான். நாங்கள் இருவரும் கிரகங்களின் படங்களைத் தேடி இறக்குவோம். படம் மேலிருந்து கீழே, இழை இழையாக, பாய் விரிவதுபோல் மெதுவாக வரும். அடுத்த இழையில் என்ன தெரியும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு என் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை: "நான் இல்லாம பாக்கக்கூடாதுப்பா. ப்ராமிஸ் லா?"

எங்களுக்குள் இன்னோர் ஏற்பாடும் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அவள் வயலின் கற்றாள். வகுப்பு நான்கிலிருந்து ஐந்து வரை. முடிந்ததும் கீழே 'காக்கி லிமா'வில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில், இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்து, மூன்று முறை மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். நான் எடுக்க மாட்டேன், காரை எடுப்பேன். யாரும் பேசாததால் காசு திரும்பிக் கீழே விழும். ஒரு மலேசிய வெள்ளியில் பத்தில் ஒரு பங்கான அந்தப் பத்து காசில் என் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, வயலின் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தேன். ஜனவரியிலிருந்து அதே காசு. "வருஷம் முடியற வரைக்கும் இதே காசு போகுதான்னு பார்ப்போம்" என்று நான்தான் விளையாட்டாகச் சொல்லி, வாராவாரம் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தும் வந்தேன்.

அன்று சனிக் கிரகத்தின் பெரிய படம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவள் வந்து உட்கார்ந்து காத்திராமல், வந்ததும் வளையங்களோடு முழுதாகத் திறந்து காட்ட வேண்டும் என்று ஆசை. இறங்க முப்பத்தெட்டு நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டேன். அதுவரை யார் அழைத்தாலும் வீட்டுத் தொலைபேசி 'என்கேஜ்டு'தான். ஆனால் நான்கு ஐம்பதுக்குள் முடிந்துவிடும், ஐந்து மணிக்குத் தொலைபேசி காலியாக இருக்கும்.

நான்கு நாற்பத்தாறுக்கு வாசல் கேட் தடதடவென்று ஆடியது. பக்கத்து வீட்டுப் பரிமளா, தலையில் துண்டோடு நின்றாள்.

"அண்ணே! யாரோட அப்படிப் பேசிக்கிட்டிருக்கீங்க? பிள்ள அர மணி நேரமா மழையில நிக்கிது!"

"கிளாஸ் அஞ்சு மணிக்குத்தானே முடியும்?"

"வாத்தியார் வீட்டுல யாருக்கோ மயக்கமாம், நாலே காலுக்கே விட்டுட்டாராம். உங்க வீட்டுப் போன் ஓயாம என்கேஜ்டு. இப்பத்தான் எனக்கு அடிச்சா. நின்னு கடிகாரம் பார்க்காதீங்க, போங்க லா!"

கம்பியைப் பிடுங்கினேன். சனிக் கிரகம் பாதியில் நின்றது. பதினொரு நிமிட வழி, அன்று எட்டு நிமிடத்தில் போனேன்.

வயலின் பெட்டியைத் தூறல் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொலைபேசியின் அருகிலேயே நின்றிருந்தாள். சாரல் அடித்து அவள் முதுகுப்புறம் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"காசு உள்ள விழுந்திருச்சுப்பா."

"பரிமளா ஆன்டிக்கு முதல்லயே அடிச்சிருக்கலாம்ல?"

"அவங்க எடுத்துருவாங்கல்ல? எடுத்தா விழுந்துரும்ல? நீங்கதானே வருஷம் முழுக்க அதே காசுன்னீங்க."

அரை மணி நேரம் அவள் நனைந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காசு திரும்பி விழும் கிண்ணத்துக்குள் நானும் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்தேன்.

காரில் கேட்டாள்: "யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"யாரோடயும் இல்லம்மா. சனிக் கிரகத்த உனக்காக எறக்கி வச்சேன்."

வைப்பர் ஆடுவதைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் இல்லாமயா?"

வேலை முடிந்து வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கணக்கு சரிதான் லா. பிள்ளதான் கணக்குத் தெரியாம சீக்கிரம் வெளிய வந்துட்டா" என்றாள். அதற்குப் பிறகு, சுதா வீட்டுக்கு வெளியே இருக்கும் நேரங்களில் மோடத்தின் கம்பி அலமாரிமேல் மனைவியின் வளையல் டப்பாவில் இருக்கும். மறுநாள் காலை நானும் மகளும் சனிக் கிரகத்தை முதல் இழையிலிருந்து மறுபடி இறக்கினோம். முப்பத்தெட்டு என்று நான் கணக்கிட்டது ஐம்பத்து மூன்று நிமிடம் ஆனது.

அடுத்த சனிக்கிழமை ஒரு சிறிய பை நிறையப் பத்து காசு போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் மூன்றாவது மணியோடு வைக்கவில்லை. நான்காவது, ஐந்தாவது என்று அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுத்து "ஹலோ" சொல்லும் வரை. "இருக்கீங்களாப்பா? சரி, வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்போது அவள் மெல்பர்னில் இருக்கிறாள். கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அவள் அனுப்பும் படங்கள் ஒரே வீச்சில் முழுதாக வந்து விழுகின்றன, அடுத்த இழைக்குக் காத்திருக்க நேரமே இல்லை. பூனைச் சண்டை போய்விட்டது. சென்ற மாதம் அந்தக் கடைவீட்டுப் பக்கம் போனேன்; மேல்மாடியில் வயலின் இல்லை, தொலைபேசி இருந்த தூணில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

1998 டிசம்பரில் அவள் வயலினை நிறுத்தும் வரை, விடுமுறைகள் போக, தொண்ணூற்றேழு சனிக்கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் பத்து காசு. அவற்றோடு பொட்டு வைத்த அந்த முதல் காசையும் சேர்த்தால், ஒன்பது வெள்ளி எண்பது காசு.