மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி

பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் அவர் வெகுகாலமாக வேலை பார்த்துவந்தார். தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்றுதான் பெயர். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாக உட்காரவில்லை என்றால் நடுவில் ஒரு வண்ணத் தாளை வைத்துக் கடிக்கவைப்பார்; எங்கே கறை ஒட்டுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தை லேசாக ராவிவிட்டால் வேலை முடிந்தது. எந்தக் கோளாறுக்கும் இப்படிக் கறை ஒட்டுகிற இடம் ஒன்று இருந்தே தீரும் என்று நம்புகிற மனிதர்.

வேலை போக அவருக்கு இருந்த ஒரே பித்து, வீடியோ. வாலிபத்தில் கடன் வாங்கிய கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, அக்காவின் வீட்டுக்காரர் ஆடிய வாலிபால் ஆட்டங்களை எல்லாம் விடாமல் எடுத்தவர். மாமா கம்பெனி அணியில் ஆடினார். வலைக்கு மேலே எழும்பி அடித்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அந்த டேப்புகளை எல்லாம் பல்செட்காரர் பொறுமையாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கூடத்தில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வராக ஓடவிட்டிருந்தார். வீட்டில் எந்த டிவியிலும், எந்த போனிலும் அந்த ஆட்டங்களைப் பார்க்கலாம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான், வெளியூரில் இருந்த மாமா பரணில் ஏதோ எடுக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், படுத்தவர்தான்.

"யாரோடயும் பேச மாட்டேங்கறாருடா. நடந்து பழகச் சொன்னா, எதுக்குங்கறாரு" என்று அக்கா போனில் அழுதாள். "அந்தப் பழைய ஆட்டமெல்லாம் உன்கிட்டதானே இருக்கு? பாத்தா கொஞ்சம் தெம்பு வரும்."

"அவ்வளவுதானே? நாளைக்கே உங்க வீட்டு டிவியில ஓடும் பாரு" என்றார் பல்செட்காரர். சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அப்போது தெரியவில்லை.

வெளியிலிருந்து பார்க்க, வீட்டில் உள்ள ரௌட்டர் பெட்டியில் ஒரு வழி திறந்துவிட வேண்டும் என்று இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார். போர்ட் என்று அதற்குப் பெயர். இந்த எண்ணைத் தேடி யாராவது வந்தால் சர்வரிடம் அனுப்பு என்று பெட்டிக்குச் சொல்லிவைப்பதுதான் விஷயம். செய்தார். போனை எடுத்துக்கொண்டு வாசல் கேட் அருகே போய் நின்று பார்த்தார். மாமா எழும்பி அடித்தார். பந்து தரையில் இறங்கியது. பல்செட்காரர் அங்கேயே நின்று அக்காவுக்கு போன் போட்டார்.

"இப்ப போட்டுப் பாரு."

"சுத்திக்கிட்டே இருக்குடா. ஒண்ணும் வரலை."

"எனக்கு வருதே!"

"உனக்கு வந்து என்ன பண்றது?"

கேட் வரைக்கும் வீட்டு வைஃபை எட்டுகிறது, அவர் வெளியே நின்றாலும் போன் உள்ளேதான் இருந்திருக்கிறது என்பது மறுநாள் லேபில்தான் உறைத்தது. அங்கே மொபைல் டேட்டாவில் பார்த்தால் அக்கா சொன்னது போலவே சுற்றிக்கொண்டே இருந்தது.

மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தாள். தேவைக்கு மேல் பேசமாட்டாள். "பென் டிரைவ்ல போட்டுக் கூரியர்ல அனுப்புங்களேன்" என்றாள். அதையும் அனுப்பினார். அக்கா வீட்டு டிவி அந்த ஃபைல்களைத் திறக்க மாட்டேன் என்று விட்டது. "சர்வர்னு பேரு வச்சிருக்கீங்க. கூப்பிட்டா வரணுமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி காய் நறுக்கப் போனாள்.

அதற்குப் பிறகுதான் குழப்பம் முற்றியது. வெளியிலிருந்து வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு விலாசம் மாதிரி ஒரு வெளி எண் உண்டு; அது என்ன என்று இணையத்தில் கேட்டால் ஒன்றைக் காட்டியது. தன் பெட்டிக்குள் போய், வெளி எண் என்ன என்று பார்த்தால் 192.168 என்று தொடங்கி வேறொன்றைக் காட்டியது. ஒரே வீட்டுக்கு எப்படி இரண்டு விலாசம்? அக்காவுக்கு முதல் எண்ணைக் கொடுத்தார். வரவில்லை. இரண்டாவதைக் கொடுத்தார். அதுவும் வரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டார். சர்வரை அணைத்துப் போட்டார். போர்ட்டை மாற்றினார், பிறகு எதை மாற்றினோம் என்பதையே மறந்தார். லேபில் ஒருவருடைய மேல் செட்டுக்கு இன்னொருவருடைய கீழ் செட்டை டப்பாவில் வைத்து அனுப்பிவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதில் ஒரு விசித்திரமும் நடந்தது. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவர், மாடிப்படியில் நின்று அந்த இரண்டாவது எண்ணைப் போட்டுப் பார்த்தபோது ஆட்டம் ஜம்மென்று ஓடியது. நான்கு படி கீழே இறங்கினால் நின்றுவிட்டது. ஏறினால் ஓடியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கால் வலித்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை. "படியில உக்காந்து பாக்கச் சொல்லிடலாமா உங்க மாமாவை?" என்றாள் மனைவி.

கடைசியில் மானத்தை விட்டு இணைய கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். பேசிய பெண்ணுக்கு நல்ல பொறுமை.

"உங்க பெட்டியில வெளி நம்பர் என்னன்னு காட்டுது சார்?"

சொன்னார்.

"அது வெளி நம்பர் இல்ல சார். உங்களுக்கு மேல இன்னொரு பெட்டி இருக்கு."

"மேல கர்னல்தான் இருக்காரு."

"யார் சார்?"

"வீட்டு ஓனர்."

"லைன் அவர் வீட்டுக்கு வந்து, அங்கேருந்து உங்களுக்கு வருதா?"

ஆமாம். அவர் பெட்டியிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயர் கீழே இறங்குகிறது. சிக்னல் பற்றவில்லை என்று அந்த ஒயர் முனையில் பல்செட்காரர் தன் பெட்டியை மாட்டியிருந்தார். மாட்டி வருஷக்கணக்காகி, அப்படி ஒரு ஒயர் இருப்பதே மறந்துபோயிருந்தது.

"அதான் சார். வெளியிலேருந்து வர்றவங்க முதல்ல அவர் பெட்டிக்குத்தான் வருவாங்க. கீழ அனுப்பச் சொல்லி அதுகிட்ட யாரும் சொல்லலை, அதனால திருப்பி அனுப்பிடுது. உங்க பெட்டிக்கு வெளின்னா, அது அவர் வீட்டு உள்ளேதான். இதுக்கு டபுள் நாட்னு சொல்வோம்."

"ரெண்டு நாடா?"

"நாடு இல்ல சார், நாட்."

"சரிம்மா" என்றார் பல்செட்காரர். நாடு என்றே வைத்துக்கொண்டால் ஓரளவு புரிவது போல இருந்தது. படிக்கட்டு ரகசியமும் பாதி விளங்கியது: படியில் போன், முன்பு பழகியிருந்த கர்னலின் வைஃபைக்குத் தாவியிருக்கிறது. ஆனால் விளங்கியதில் சந்தோஷம் இல்லை. அந்த நாட்டோடு அப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

கர்னல் பட்டாளத்தின் பக்கமே போனவர் இல்லை. மின்சாமான் கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்காக வந்த பெயர். பல்செட்காரர் அவசர வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சின்ன மோட்டாரில் பாலிஷ் போடுவது உண்டு. அந்தச் சத்தம் தன் மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கர்னல் படியில் நின்று கத்தியிருந்தார்; இவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவரும் எதிரே வந்தால் வானத்தைப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மேலே ஏறிப்போனார். கர்னல் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டார்.

"என்ன?"

"உங்க பெட்டியில ஒரு வழி திறந்து விடணும் சார்."

"என் வீட்டுல வழி திறந்து விடறதா? யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு."

"உங்க அக்கா எதுக்கு என் வீட்டு வழியா வரணும்?"

சொல்லச் சொல்ல விஷயம் இன்னும் மோசமாகக் குழம்பியது. தனக்கே அரைகுறையாகப் புரிந்ததை இன்னொருவருக்கு எப்படிப் புரியவைப்பது? நாடு என்றார், விலாசம் என்றார், நடுவில் சர்வர் வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "எங்க மாமா இடுப்பு ஒடிஞ்சு கெடக்காரு சார். அவர் ஆடின வாலிபாலைப் பாக்கணும்" என்றார்.

கர்னல் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "எந்த இடத்துல ஆடுவாரு?"

"முன்வரிசையில. அடிக்கிற ஆளு."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வாங்க."

ஷோகேஸ் மேல் இருந்த பெட்டியைக் கவிழ்த்தார்கள். அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை பல்செட்காரர் லேப் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். ஒரு எழுத்து பூஜ்யமா ஓவா என்று தகராறு வந்து, கர்னல் சொன்னதே சரியாக இருந்தது. இந்த எண்ணைத் தேடி வந்தால் கீழ்வீட்டுப் பெட்டிக்கு அனுப்பு என்று எழுதிவைத்தார்கள். கர்னல் தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தார். ஆட்டம் ஓடியது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மின்சாரம் போய் வந்தது. மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

பல்செட்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எதையுமே தொடவில்லையே! மறுபடி உதவி எண், மறுபடி அதே கேள்விகள். மின்சாரம் போய் வந்ததில் மேல்பெட்டி, கீழ்ப்பெட்டிக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டதாம். வந்தவர்களைப் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறதாம். எண் மாறாமல் கட்டிப்போட ஒரு இடம் இருக்கிறது என்றார்கள். கர்னலே தேடிக் கண்டுபிடித்து அதைக் கட்டிப்போட்டார்.

அடுத்த நாள் லேபில் வேலையாக இருக்கும்போது அக்கா நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அக்கா இல்லை.

"மாப்ள, நீ என்னத்தைப் படம் புடிச்சிருக்கே? நான் எழும்பறேன், கேமரா ஐஸ் விக்கிறவன்கிட்ட போயிடுது! அவன் ஐஸை எண்ணறதெல்லாம் எடுத்து வச்சிருக்கே, பந்து எங்க விழுந்துச்சுன்னே தெரியலை."

"ஒரு தடவைதானே மாமா..."

"எல்லா ஆட்டத்துலயும் இதான்! அந்த அரையிறுதியைத் தேடிக் குடு. அதுல நான் வலையைத் தொடலை, உங்க அக்காவுக்குக் காட்டணும். அவ தொட்டேங்கறா."

பின்னால் அக்கா, "தொட்டீங்க!" என்று சொல்வது கேட்டது. மாமா அவளிடம் ஏதோ சத்தமாகச் சொன்னார். போனை வைக்கவே இல்லை. பல்செட்காரர் வேலையை நிறுத்திவிட்டு இருவரும் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். அன்று மாலை மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு டிவி வரைக்கும் நடந்து போனார் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் வலை தெளிவாகத் தெரியும் என்பதற்காக.

இப்போது கர்னலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கிவந்து ஆட்டம் பார்க்கிறார். பாலிஷ் மோட்டாரைப் பற்றிய கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மதியம் ஓடினால் மேலிருந்து தரையைத் தட்டுவார். ஆனால் அவ்வப்போது கம்பெனிக்காரர்கள் வெளி எண்ணையே மாற்றிவிடும்போது, முதலில் கண்டுபிடித்துச் சொல்வது அவர்தான்.

"பல்செட்! நம்பர் மாறிடுச்சு! எழுதிக்குங்க!" என்று பால்கனியிலிருந்து சத்தம் வரும்.

"ஏன் சார் மாத்தறாங்க?"

"அது அப்படித்தான்" என்பார் கர்னல், எல்லாம் தெரிந்தவர் போல.

பல்செட்காரர் தலையை ஆட்டிக்கொண்டு புது எண்ணை அக்காவுக்கு அனுப்புவார். மனைவி ஒருநாள், "இப்ப நல்லா ஓடுதே, எப்படிங்க சரி பண்ணீங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். மேலே கையைக் காட்டினார், கீழே காட்டினார், ஜன்னல் ஒயரைக் காட்டினார்.

"அதைத் தொடாம இருக்கறதுதான் முக்கியம்" என்றார்.